லூர்துசாமி சாப்பிட்டார்

நிலவு, தென்துருவச் சுரங்க நிலையம்
பதிவு: உணவியலாளர் இசக்கியம்மாள்

நாள் 140. காலை 07:10
எல்லாம் சீர். சாப்பாட்டு மேசைக்கு மேலுள்ள கேமரா, சாப்பிடும் முன்னும் பின்னும் தட்டைப் படமெடுக்கிறது. என்ன உணவு, எத்தனை கலோரி என்று கணினி கணக்கிட்டுப் பூமிக்கு அனுப்புகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தே உணவுக் கப்பல் வரும். இங்கே மூவர்: நான், பொறியாளர் கமருன்னிசா, துளைப்பான் ஓட்டும் லூர்துசாமி.

நாள் 151. 13:30
பயிர்க்கூடத்தில் பூஞ்சை. கீரை, கிழங்கு அத்தனையும் அழுகிவிட்டன. மிச்ச அரிசியை நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கிறோம். கணினியின் பட்டியலில் கஞ்சி என்று ஒன்று இல்லை. கிண்ணத்தில் வெள்ளையாக இருப்பதால் பால் பாயசம் என்று பதிகிறது! திருத்தும் அனுமதி எனக்கில்லை. பூமிக்குச் சொல்லிவிட்டேன்.

நாள் 166. 18:05
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பத்ரி:
“மேடம், சிஸ்டத்துல மூணு பேருக்கும் பச்சை காட்டுது. தேவைக்கு மேலேயே சாப்பிடுறீங்க. அதான் இந்த மாசக் கப்பலைத் தள்ளி வெச்சிருக்கோம்.”
“தம்பி, அது பாயசம் இல்ல. வெறும் கஞ்சித் தண்ணி. மூணு பேரும் எலும்பும் தோலுமா இருக்கோம்.”
“வாயால சொல்றதை டேட்டாவா எடுத்துக்க முடியாது மேடம். பசியில கூட்டிச் சொல்வாங்க. அதுக்குத்தானே கேமராவே வெச்சது.”
கூட்டிச் சொல்கிறேனாம். பசி என்று அவனே ஒப்புக்கொண்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

நாள் 178. 11:20
சுரங்கத்திலிருந்து லூர்துசாமி: “இசக்கியம்மா, கை கிடுகிடுன்னு ஆடுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஏறி வந்துரட்டா?”
வாங்க என்றேன். அவர் ஏறி வரவில்லை. நாங்கள் இறங்கிப் போனபோது ஏணிக்குக் கீழே கிடந்தார். தலைக்கவசம் பிளந்திருந்தது.

நாள் 179. 09:00
மரணத்தை அறிவித்தேன். பத்ரி: “ரொம்ப வருத்தம் மேடம். விபத்துப் பிரிவுக்கு அனுப்பிட்டேன். சாப்பாட்டுக் கணக்கு வேற பிரிவு.”
வேறு பிரிவு! சுத்தியலை எடுத்துப் போய்க் கேமராவை நொறுக்கினேன். படம் போகாவிட்டால் பயந்தாவது கப்பல் அனுப்பட்டும்.

நாள் 183. 13:15
திரையில் இன்றும் மூன்று பச்சை. படம் வராத வேளைக்குப் பழைய சராசரியைக் கணினியே போட்டுக்கொள்கிறது. மதிய உணவு: லூர்துசாமி சாப்பிட்டார். மீதம் இல்லை.
நேற்று முன்தினம்தான் அவரைப் புதைத்தோம், பாவிகளா.

நாள் 190
கமருன்னிசா எழவில்லை. மூச்சு மட்டும் இருக்கிறது. பூமிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என் காலைச் சாப்பாடும் பதிவாகிவிட்டது. நான் இன்னும் படுக்கையில்.

நாள்?
இதைப் படிப்பது யாராக இருந்தாலும் சரி. நாங்கள் செத்த பிறகும் அந்தக் கணக்கு ஓடும். வேளை தவறாமல் சாப்பிடுவோம். நம்பாதே. திரையைப் பார்க்காதே. கதவைத் திற. எங்களைப் பார். எங்களை