நீங்கள் சொன்ன ஏ டு இசட்

அக்கா,

இன்று மதியம் வடக்குத்து ஊரில் இருக்கும் என் வீட்டில் பலாச்சுளை எடுத்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எனக்குக் கதை சொன்ன படம் ஒன்றைப் போட்டார்கள். காய்ச்சலில் கிடக்கும் பையனும் அவன் அம்மாவும் வருகிற அந்தப் படம். கையெல்லாம் பலாப்பால். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பெரியவன் காய்ச்சலில் போன பிறகு நான் சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லை. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதாம் வருஷம் இருக்கும். நெய்வேலியில் நம் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு வேலிதான். படம் மாறினால் நீங்கள் போவீர்கள். மறுநாள் மதியம் வேலியோரப் பலா மரத்தடியில் முழுப் படமும் எனக்கு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் இருவரும் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார்கள். அதனால் சண்டைக் காட்சியைக்கூடக் கிசுகிசுத்துத்தான் சொல்வீர்கள். வில்லன் மிரட்டுவதும் கிசுகிசுப்புதான். நான் சிரித்துவிட்டால், "மெதுவா சிரிட்டி, ஒன் வீட்டுக்காரரு எந்திச்சா எனக்குல்லா ஏச்சு விழும்" என்பீர்கள். திருநெல்வேலிப் பேச்சு உங்களைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

கதையை முடிக்கும்போது எப்போதும் ஒரே வாக்கியம். "ஏ டு இசட் சொல்லிட்டேன்." எனக்கு அதில்தான் தகராறு. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. குவார்ட்டர்ஸ் பிளாக்குகளின் பெயர்ப் பலகையையும் பஸ் பலகையையும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைக் கற்றவள். ஏ என்றால் டைட்டிலில் தொடங்க வேண்டும், இசட் என்றால் அதற்கு மேல் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்பேன். பாட்டைத் தாண்டிப் போனால் திரும்ப வந்து சொல்ல வைப்பேன். டிக்கெட் வாங்காதவளுக்கு இம்புட்டு அதிகாரமா என்று தலையிலடித்துக்கொண்டு பாட்டையும் சொல்வீர்கள்.

அந்தப் படத்தையும் அப்படித்தான் சொன்னீர்கள். கடைசியில் பையன் கண் திறந்து பசிக்குது என்கிறான் என்றீர்கள். ஏ டு இசட் என்றும் சொன்னீர்கள். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சில வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே படம். முடிவு வருகிற நேரம் பார்த்து, காபி போடலாம் வா என்று என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். நான் நகரவில்லை. கரண்டாவது போகாதா என்று நினைத்திருப்பீர்கள். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் அது எங்கே போகும்? பையன் செத்துப்போனான்.

மரத்தடிக்கு வந்து கேட்டேன். "ஏ டு இசட்னு சொன்னீங்களேக்கா. இதான் இசட்டா?"

"நான் சொன்ன படத்துல அவன் சாவலட்டி."

"எம் புள்ள செத்தத பக்கத்துல குந்திகினு பாத்தவ நானு. படத்துல செத்தா தாங்க மாட்டனா?"

மறுவாரம் வேறொரு கதையை முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "ஏ டு ஒய்" என்றீர்கள். சிரித்துவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. இன்னும்தான் போகவில்லை. என்னைக் கண்ணாடிச் சாமான் என்று நினைத்துவிட்டீர்களே.

ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்டீர்கள். போன வருஷம் உங்கள் மகள் போன் செய்து, அம்மா நிம்மதியாகப் போய்விட்டாள் சித்தி என்றாள். நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். நீங்கள் பட்ட வலியையும், கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்ததையும் கேட்டேன். தாங்கினேன் அக்கா.

இன்றும் முடிவுவரை பார்த்தேன். கூட இருந்த பக்கத்து வீட்டுப் பெண் அடுப்பைப் பார்க்கப் பாதியில் எழுந்து போயிருந்தாள். போன மாதம்தான் அவளுக்குக் கரு கலைந்தது. நான் டிவியை அணைத்த பிறகு வந்து நின்று, "அந்தப் பையன் இன்னா ஆனான் பெரிம்மா?" என்றாள்.

"பொழச்சிக்கினான். பசிக்குதுன்னு எழுந்து குந்திகினான்."

அவள் கையில் நாலு சுளை வைத்தேன். ஏ டு இசட் என்று மட்டும் சொல்லவில்லை.