பார்க்காமல் எழுதிய எண்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். நீ அனுப்பிய செருப்பு சரியாக இருக்கிறது. நாள் முழுக்க வார்டில் நின்றாலும் கால் கடுப்பதில்லை. இந்தக் கடிதத்தில் இனி வருவதை அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

எனக்கு வேலை கற்றுத்தரும் நர்ஸை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு வேகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று கூடப் பயிற்சி பெறும் பெண்கள் என்னைக் கேலி செய்தபோது, "இவ எழுத்தப் பாருங்கடி, முத்து முத்தா இருக்கு. உங்க கோழிக் கிறுக்கல யாரு படிக்கிறது?" என்று அவர்கள் வாயை அடைத்தவர் அவர்தான். அதனால் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன்.

காலையில் டாக்டர் வருவதற்குள் பதினாறு பேருக்கும் காய்ச்சல் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். இந்த வாரம் ஆள் குறைவு. "ஒவ்வொருத்தருக்கா தெர்மாமீட்டர் வெச்சுக்கிட்டிருந்தா விளங்கின மாதிரிதான். நீ பாட்டுக்கு எழுது. எல்லாத்துக்கும் ஒரே எண்ணாப் போட்டுத் தொலைக்காத, அங்கங்க கொஞ்சம் ஏத்தி இறக்கிப் போடு" என்றார் மின்னல்.

மூன்று நாள் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன், அண்ணா. பார்த்து எழுதியது போலவே இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இதை எழுதக் கை கூசுகிறது.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு தையல்காரம்மா. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். என் சீருடையைப் பார்த்து, "இத எந்தப் புண்ணியவான் தச்சான்? கைய வெட்டணும்" என்று சிரிப்பார். நேற்று மதியம் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் நூற்று மூன்று. எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார். "இப்பத்தான் சார். காலையில நார்மல்" என்று அட்டையை நீட்டினார் மின்னல். இரண்டு நாளாகவே அந்த அம்மா குளிருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் போர்த்திவிட்டேன். டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் படியிறங்கியபோது பின்னால் ஓடினேன். "அந்த எண்ணெல்லாம் நானா எழுதினது சார். மூணு நாளா யாரும் பாக்கல. ரெண்டு நாளா குளிருதுன்னாங்க" என்றேன். அவர் திட்டக்கூட இல்லை, மேலே ஓடினார். ஒரு மணி நேரத்தில் மறுபடி ஆபரேஷன். உள்ளே சீழ் பிடித்திருந்ததாம். அந்த அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை.

நாளை பத்து மணிக்கு விசாரணை. இன்று மின்னல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு. சின்னப் பொண்ணுன்னு உன்னை விட்டுடுவாங்க. எனக்கு வேலை போச்சுன்னா புள்ளைங்களோட நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்றார். அட்டையில் இருப்பது என் கையெழுத்து மட்டும். அவர் சொன்னதைக் கேட்டவர் வேறு யாருமில்லை.

ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். அவர் சொன்னதையும், நான் செய்ததையும். இந்த இடம் கிடைக்க நீ நடையாய் நடந்தது வீணாகலாம். மன்னித்துவிடு. மின்னல் மேல் கோபப்படாதே. எனக்கே இன்னும் கோபம் வரவில்லை.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அம்மாவிடம் முதலில் நீ பேசு. எனக்குச் சொல்ல வராது. நான் செய்தது சரியா தப்பா என்று பதில் எழுத வேண்டாம். அந்த அம்மா கண் விழிக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள், அண்ணா.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தங்கை