தம்பி காட்டில் பார்த்த புள்ளி

1996, தை மாதம், வெள்ளிக்கிழமை.

என் பீட்ரூட் இலையெல்லாம் புள்ளி. ஓரம் சிவந்து நடுவில் சாம்பல் பூத்த புள்ளி. பூஞ்சாணம்தான்.

இதே புள்ளியை இருபது நாளுக்கு முன்பே, வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் பீட்ரூட் காட்டில் பார்த்தேன். நாலைந்து செடியில்தான் இருந்தது. அந்த இலைகளைக் கிள்ளி எரித்து மருந்தடித்திருந்தால் அதோடு நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டுப் பேச்சை விட்டு ஒரு வருடமாகிறது. நானாகப் போய் முதலில் பேசுவதா என்று திரும்பி வந்துவிட்டேன். கெட்டால் அவன் காடுதானே கெடும் என்றும் நினைத்தேன். பனியும் காற்றும் வரப்பைப் பார்த்தா நிற்கும்?

இன்று காலை அவனே வரப்பில் வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, உங்க பக்கமும் புள்ளி வந்திருக்குதுங்க. நான் முன்னமே பாக்காம உட்டுப்போட்டேன், என்ற காடு முச்சூடும் போச்சு. நீங்களாச்சும் இன்னைக்கே மருந்தடிச்சுப்போடுங்க."

தனக்கு இனி வேண்டாம் என்று, பாதி மருந்து மிச்சமிருந்த டப்பாவை வரப்பின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம்வரை அடித்தேன். அவன் மருந்தைத்தான் அடித்தேன். பயிர் பிழைத்தாலும் பிழைக்கும். காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.