புஸ்வாணத்துக்கும் ரோஜாவுக்கும் நடுவில்

12 செப்டம்பர் 2024
தீபாவளிப் பாதுகாப்பு போஸ்டர் ஆர்டர் வந்திருக்கிறது. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போகுமாம். பதினாறு வருஷமாகப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறேன். நான் செய்த ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. அக்கா மகள் ரோஜாவை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். "இன்னும் குனி, இன்னும் சிரி" என்றேன். எட்டு வயசுப் பிள்ளை, சொன்னபடியெல்லாம் நின்றது.

17 செப்டம்பர்
அச்சுக்குப் பிளேட் போடுகிற அழகுமீனா கேட்டாள்: "அண்ணே, எழுத்துல எட்ட நின்னு கொளுத்துங்கன்னு போட்டிருக்கீக. படத்துல பிள்ள மூஞ்சி புஸ்வாணத்துக்கு மேலயே இருக்கே?"

லேபிளில் அப்படித்தான். சின்னப் பெட்டி, முகமும் புஸ்வாணப் பூவும் ஒட்டி இருந்தால்தான் இரண்டும் தெரியும். போஸ்டரில் இடத்துக்கு என்ன பஞ்சம்? பழகின கை, நெருக்கிவிட்டது. அவளிடம் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "ஒன் வேலையப் பாரு" என்றேன். சீசன் நேரம், முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி வேறு கத்திக்கொண்டிருந்தார்.

18 செப்டம்பர்
அச்சு ஏறிவிட்டது.

1 நவம்பர்
மதுரை, கண் ஆஸ்பத்திரி. நேற்றுத் தீபாவளி. ரோஜா புஸ்வாணத்தைக் குனிந்து கொளுத்தியிருக்கிறாள். வலது கண்.

"ஏன்டி அம்புட்டுக் கிட்டக்கப் போன?" என்று அக்கா அழுதாள். "மாமா படத்துல அப்பிடித்தானம்மா நிக்கேன்" என்றது பிள்ளை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு பிளேட். அரைமணி நேர வேலை. அழகுமீனா சொன்னப்பவே மாத்தியிருந்தா — ஏன்லே மாத்தல? என்ன கொறஞ்சு போயிருக்கும் ஒனக்கு?

25 நவம்பர்
கட்டுப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிகிறது. எழுத்துத் தெரியவில்லை. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர்.

3 டிசம்பர்
லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் போஸ்டரைக் கிழிக்கிறேன். இன்று காரியாபட்டி. "நல்லாத்தான இருக்கு, ஏன் எடுக்கீக?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். மிச்சமிருந்த மூலையையும் பிய்த்து எடுத்தேன்.

9 செப்டம்பர் 2025
இந்த வருஷப் போஸ்டரையும் நானே கேட்டு வாங்கினேன். அகலவாக்கில் போட்டிருக்கிறேன். இந்த ஓரம் புஸ்வாணம். அந்த ஓரம், பற்றவைத்துவிட்டு விலகி வந்த பிள்ளை. "நடுவுல இம்புட்டு இடத்த எதுக்குலே சும்மா விட்ட? கம்பெனி பேரப் போடு" என்றார் அண்ணாச்சி. மாட்டேன் என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

14 செப்டம்பர்
ரோஜாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"எழுத்து தெரியல மாமா."

பொத்தின கையை எடுக்காமலே, "பிள்ள தள்ளி நிக்கிறது தெரியுது" என்றாள்.