பெயர் எழுதாத சீட்டு

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூன்று பேரும் சுகம். அங்கே நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை, ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுமையாகப் படி, உன் அம்மாவைப் போல முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம், அதற்கும் காரணம் உண்டு, அதுவும் வரும். தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து மீசை வளர்க்கிறான், அதுதான் வளர மாட்டேன் என்கிறது. என் ரிப்பேர் கடையில் வேலைக்குக் குறைவில்லை. வெயில் ஏறியதும் சுற்றுவட்டாரத்து ஃபேன்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே நேரத்தில் படுத்துக்கொள்வது உனக்குத் தெரியாததல்ல.

நம் சபையில் வாசல் பக்கம் ஜெபக்குறிப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் தன் பாரத்தை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் உள்ளே போடலாம், ஆராதனை நடுவில் நம் ஞாயிறு பள்ளி டீச்சரம்மா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், சபையார் ஆமென் சொல்வார்கள். அந்தப் பெட்டியை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் என்பதற்கு நீயே சாட்சி. ஆண்டவருக்குத் தெரியாததையா நாம் எழுதிப் போடப் போகிறோம், மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க அவர் என்ன அரசாங்க அலுவலகமா என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுவேன், உன் அம்மா கரண்டியைக் காட்டி வாயை மூடச் சொல்வாள். அப்படிப்பட்ட நான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன்.

காரணம் என் வலது கை. போன மழைக்காலத்திலிருந்தே அது நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் டீ குடிக்கும்போது, பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும்போது. சின்னத் திருகாணியை அதன் துளையில் உட்கார வைக்க நான் படுகிற பாட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அம்மா கேட்டால் தூசி வருகிறது என்பேன். சாப்பிடும்போது கையைத் தொடையில் அழுத்திக்கொள்வேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். உண்மையில் எனக்குப் பயம், மகளே. இந்தக் கை போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது, கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் டீச்சரம்மா தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நம் கடை அட்டையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெயர், பொருள், குறை, திருப்பிக் கொடுக்கும் தேதி என்று நாலு கோடு, மேலே கடை முத்திரை. அதில் எழுதும்போது கை உதறி எழுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு அட்டை எழுதி ஃபேனில் கட்டிவிட்டு, கெட்டுப்போனதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை சபை வாசலில் என்ன தோன்றியதோ, பையில் கையை விட்டு, அகப்பட்ட காகிதத்தை எடுத்துச் சுவரில் வைத்து, ஒருவனுக்குக் கை நடுங்குகிறது, வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறான், வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை, அவனுக்காக ஜெபியுங்கள் என்று கிறுக்கி, யாரும் வருவதற்குள் பெட்டியில் போட்டுவிட்டேன். பெயர் எழுதவில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. அட்டையின் மறுபக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சரம்மா நாலைந்து சீட்டுகளை வாசித்தார், ஒருவருக்குக் குழந்தை வேண்டும், ஒருவருக்கு வீடு கிடைக்க வேண்டும். அடுத்து என்னுடையது. வாசித்து முடித்தார், சீட்டைக் கீழே வைக்கும்போது மறுபக்கம் கண்ணில் பட்டது. பெயர்: டீச்சரம்மா, பொருள்: டேபிள் ஃபேன், குறை: தலை திரும்பவில்லை, மேலே நம் கடை முத்திரை. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தச் சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றார். நான் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, அந்த முகம் தெரியாத மனிதனுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சபையிலேயே உரக்க ஆமென் சொன்னாள். கட்டினவன் பக்கத்திலேயே இருக்கிறான், அவனுக்காக யாரோ ஒருவனுக்கு ஜெபிப்பதுபோல ஜெபிக்க வேண்டிய நிலையில் அவளை நான் வைத்திருந்தேன்.

மறுநாள் டீச்சரம்மா ஃபேன் வாங்க வந்தார். அம்மாவும் கடையில்தான் நின்றாள். டீச்சரம்மா அந்தச் சீட்டை மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்து, "இது உங்க கிட்டயே இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க சொல்லுங்க" என்றார், ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "நேத்து நான் ஜெபிச்சது உங்களுக்கா" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நன்றாகவே திட்டினாள், அது மூன்று நாள் ஓடியது.

அந்த வாரமே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கோடு போடச் சொன்னார். நான் மனதில் வைத்துப் பயந்த பெரிய வியாதி இல்லையாம், வயதோடு சிலருக்கு வருகிற நடுக்கம், மாத்திரையில் குறையும், முழுதாகப் போகாது என்றார். குறைந்திருக்கிறது. இப்போது சின்னத் திருகாணி எல்லாம் உன் அம்மா கையில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து பூட்டுகிறாள், நான் எங்கே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருடம் என்ன பெரிய வேலை செய்தீர்கள், இதற்கா இவ்வளவு அலட்டல் என்கிறாள். கடைக் கதவு முழுதாகத் திறந்திருக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை.

கை நடுக்கத்தை நிறுத்தும் என்றுதான் நான் ஆண்டவரிடம் கேட்டேன். அவர் அதைச் செய்யவில்லை. என்னைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது, அதற்கு என் கெட்டுப்போன எழுத்தையும் ஒரு பழைய ஃபேனையும் எடுத்துக்கொண்டார். நான் மறைத்து வைத்திருந்த நாளெல்லாம் அவர் சும்மா இருக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

இனி உன் விஷயம். உன் பிஸ்கட் ஃபேக்டரியில் டீ நேரத்தில் நீ கூப்பிடும்போதெல்லாம் பின்னால் பெரிய மிஷின்கள் ஓடுகிற சத்தம் வரும். இரண்டு மாதமாக அதே நேரத்தில்தான் கூப்பிடுகிறாய், மிஷின் சத்தம் இல்லை, ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடுகிறது. சத்தத்தைக் கேட்டே என்ன குறை என்று சொல்கிறவன் உன் அப்பன். போன தடவை நீ, "நல்லாத்தான்ப்பா இருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னாய், அதுவும் நான் கேட்பதற்கு முன்னாலேயே. அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும், கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு நானே பல மாதம் பேசியது. அதனால்தான் இந்தத் தடவை சுகமா என்று கேட்கவில்லை, கேட்டால் உன்னைப் பொய் சொல்ல வைத்தவன் ஆவேன். வேலை போயிருந்தால் போகட்டும், வேறு என்னவாக இருந்தாலும் இருக்கட்டும். எங்களுக்குக் கவலை தரக் கூடாது என்று நீ நினைக்கிறாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே உள்ள சபைக்குப் போகாமல் இருக்காதே, கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. தம்பி உன்னிடம் பேச வேண்டும் என்கிறான், மீசையைப் பற்றி ஒன்றும் கேட்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் மனதுக்குச் சமாதானம் தருவாராக.

இந்தக் கடிதத்தோடு நம் கடை அட்டை ஒன்று வைத்திருக்கிறேன், எதுவும் எழுதாதது. குறை என்ற கோட்டில் உள்ளதை உள்ளபடி எழுது. தேதியை விட்டுவிடு, அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். மேல் கோட்டில் உன் பெயரை மறக்காமல் எழுதி எங்களுக்கு அனுப்பு. இங்கே உன் அம்மா உரக்க ஆமென் சொல்லக் காத்திருக்கிறாள், இந்தத் தடவையாவது யாருக்காக என்று தெரிந்து சொல்லட்டும்.

நடுங்கும் கையால், ஆனால் பயமில்லாமல் எழுதும்,
உன் அப்பா