முழங்கால் உயர வேலி

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே நான் கல்லுக்குண்டு, உன் சித்திக்கு முழங்கால் வலி மட்டும். இனி நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன்.

நீ கடல் தாண்டுமுன் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே நட்டாயே, பன்னிரண்டு மாதமும் பச்சை மாறாத வேலிச்செடி, அது விமானங்கள் ஒதுங்கிப் போகுமளவுக்கு வளர்ந்துவிட்டது. உள்ளே நுழைந்த தபால்காரர் மூன்றாம் நாள் தாடியோடு வெளியே வந்தார். நான்தான் ராஜகிரீடம் போல இருக்கட்டும் என்று மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் கத்தரித்துவந்தேன். வெயில் அடிக்கு இறங்காமல் கீழ்ப்பாதி இலை கொட்டி வெறும் குச்சியானது. பக்கத்து வீட்டு சர்வேயர், "செத்த செடிக்கு எதுக்கு சார் காவல்? புடுங்கிட்டு சுவர் வெச்சிடலாம்" என்று பிடிவாதமாக நின்றார். என் மகள் கையால் நட்டது, கடப்பாரையை முதலில் என் தலையில் போடுங்கள் என்று முழங்கினேன். உன் சித்தியோ கட்சி மாறி, "மாசக் கடைசிக்குள்ள அடியில ஒரு துளிராவது வரலைன்னா கடப்பாரையை நானே எடுத்துக் குடுப்பேன்" என்று கெடு வைத்துவிட்டாள்.

விடுவேனா? மறுநாளே மொத்த வேலியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். கிளைகளை ஏற்றிப்போக ஏழு கப்பல் வந்தன. "ஐயையோ, கொன்னுட்டீங்களே" என்றார் சர்வேயர். உங்க டேப்புக்கு அடங்குற செடி இல்ல சார் இது என்றேன். மக்கிய எரு போட்டு, வேர் நனைய நனையத் தண்ணீர் விட்டு, தினமும் காலையில் குச்சிகளை நிற்கவைத்துத் திட்டினேன். கெடு நாளில் அவர் கடப்பாரை கேட்டு வந்து நின்றாரா, வேலி பச்சைப் படையாக எழுந்து அவரை அலாக்காகத் தூக்கி அவர் வீட்டு மொட்டைமாடியில் உட்காரவைத்தது. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன். அடி அகலம், நுனி ஒடுக்கம், அப்படித்தான் இனிமேல் கத்தரிப்பேன்.

நீ நூறு வயது இருந்து என்னைவிடப் பெரிய புளுகாகப் புளுக வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். மறக்காமல் பதில் போடு.

உன் சித்தப்பா,
வேலிப் படைத் தளபதி

பின்குறிப்பு: கப்பலும் மொட்டைமாடியும் பொய்தான். வாசல் பக்கம் நீ நட்ட முதல் செடியில், வெறும் கட்டையில், அரிசி அளவுக்கு ஒரு துளிர் வந்திருப்பது மட்டும் நிஜம். அந்த முழங்கால் வலியோடு குனிந்து முதலில் பார்த்தவள் உன் சித்தி. சர்வேயரிடம், "கடப்பாரைய எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.