ஏவும் சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இன்று நாய்ப் பயிற்சியாளர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. “நாய் பாயறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொன்னீங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் இடது மணிக்கட்டு ஏன் வீங்கியிருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையில் கட்டோடு இவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். ரிப்பேர் என்று சொல்லி இவர் வாங்கி வைத்திருக்கிறார். ரிப்பேரான போன் மேஜை இழுப்பறைக்குள் நன்றாகவே அடிக்கிறது. அடிப்பது நீதானோ என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நாய் வந்த புதிதில் நீ சிரித்தது ஞாபகம் இருக்கும். இவர் வைத்த வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாமல் நான் அதைத் தம்பி என்று கூப்பிட்டேன். “நமக்குத் தம்பி இல்லாத குறை தீர்ந்துச்சு, ஆனா அவனுக்குப் பொண்ணு பாக்குற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்” என்றாய். அதே மூச்சில், “உனக்காகக் காவல் நாயே வாங்கியிருக்கார், அதிர்ஷ்டக்காரிடி நீ” என்றும் சொன்னாய். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

தம்பிக்கு முக்கியமான சொற்கள் இரண்டு. ஒன்று பாயச் சொல்வது, மற்றது விடச் சொல்வது. தெருவில் போகிற யாரும் தவறிச் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டும் இங்கே யாருக்கும் தெரியாத மொழியில் இருக்கின்றன. விடச் சொல்லும் சொல்லை எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றது எனக்கு எதற்கு என்றார் இவர். பதற்றத்தில் தபால்காரர் மேல் ஏவிவிடுவாள் என்று சிரித்துவிட்டு என்னை டீ போட அனுப்பினார். சமையலறை ஜன்னல் பயிற்சி நடந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. டீ கொதிப்பதற்குள் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அது எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது.

அன்றே பயிற்சியாளரிடம் நான் ஒன்று கேட்டேன். திருடன் சுவர் ஏறிக் குதிக்கிறான், வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் நாய் சும்மாவா இருக்கும்? குரைக்கும், பாயாது என்றார். “நாய்க்கு நியாயம் தெரியாதும்மா. அடிக்கக் கை ஓங்குறவனும், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவனும் அதுக்கு ஒண்ணுதான். பல்லு அதோடது, முடிவு நம்மளோடது.” எனக்கு அது சரியாகவே பட்டது. இப்போதும் தவறென்று சொல்ல முடியவில்லை.

ஆனால் முடிவு இவருடையதாக இருந்தது. தம்பி துணைக்கு வந்தால் மட்டும் நான் வெளியே போகலாம். தெருமுனை வரை, பூங்காவைச் சுற்றி, நூலகத்து வாசல் வரை. நூலகத்துக்குள் நாயை விடமாட்டார்கள், அதனால் நானும் உள்ளே போனதில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் புதுப் புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இந்த வீட்டில் நடந்தவற்றை உன்னிடம் சொன்னதில்லை. ஒருமுறை பாதி சொன்னேன். அனுசரித்துப் போ என்றாய், மீதியை விழுங்கிக்கொண்டேன். தம்பிக்கு எல்லாம் தெரியும். இவர் கை ஓங்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும். பிறகு சொல்லுக்காக இவர் முகத்தையே பார்க்கும், அக்கா. என் மேல் விழும் அடியைத் தடுக்க இவரிடமே உத்தரவு கேட்டு நிற்கும். சொல் வராது. முனகிக்கொண்டே உட்கார்ந்துவிடும். அதற்குப் பயிற்சி அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. அந்தச் சொல் என் நாக்கிலும்தான் இருந்தது. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ஆரம்பித்தார். கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள், அதைப் படித்தேன் என்றேன். யாருக்குத் தேவை என்று கேட்டுக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். தம்பி எழுந்தது. இந்த முறை இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் முழங்கையைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. குதறவில்லை. விடச் சொல்லும் சொல்லை நான் சொன்னதும் விட்டுவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது. ஏன் அன்று மட்டும் அப்படிச் செய்தது என்று எனக்குத் தெரியாது. பாசம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அதை அறிய எனக்கு வழியில்லை.

சொல் இல்லாமல் பாய்ந்த நாயை இன்னொரு வீட்டுக்குத் தர மாட்டாராம் பயிற்சியாளர். ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் அவர் வழக்கம். யாராவது ஏவியிருந்தால் நாய் மேல் குற்றமில்லை. வியாழக்கிழமை வருகிறேன், அதற்குள் நடந்ததை நன்றாக யோசித்து வையுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். யோசிக்க என்ன இருக்கிறது? நான் ஏவவில்லை என்றால் தம்பி செத்தது. ஏவினேன் என்றால் புருஷன் மேல் நாயை ஏவியவள் ஆகிவிடுவேன், பிறகு இதே வீட்டில் இவரோடு இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏவவில்லை என்றே ஆகும். தம்பி கார் நிறுத்தும் கொட்டகையில் கூண்டுக்குள் இருக்கிறது. கேட்டைப் பூட்டிச் சாவியை இவர் வைத்திருக்கிறார். துணை இல்லாமல் நான் எங்கே போவேன் என்கிறார்.

வியாழக்கிழமை

மீதியை இன்று எழுதுகிறேன். பயிற்சியாளர் வந்தார். தானாகக் கடித்த நாய் நாளைக்கு யாரைக் கடிக்குமோ, ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று இவர் ஆரம்பித்தார். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

“நான்தான் ஏவினேன்” என்றேன்.

இவர் சிரித்துவிட்டார். “அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாது சார். நாய் மேல உள்ள பாசத்துல உளர்றா.”

“என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்கம்மா. கூண்டு பூட்டித்தான் இருக்கு.”

சொன்னேன். வெளியே வந்த குரல் என்னுடையதுதானா என்றிருந்தது. தம்பி கூண்டே அதிர எழுந்து கம்பியில் மோதியது. இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். விடச் சொன்னேன். உடனே உட்கார்ந்தது.

நாய் மேல் தப்பில்லை என்றார் பயிற்சியாளர். பிறகு, “வீட்டுக்காரர் மேல எதுக்கும்மா ஏவினீங்க?” என்று கேட்டார்.

“கையை முறுக்கினாரு. இது முதல் தடவை இல்ல.”

இது வீட்டு விஷயம் என்றார் இவர். பயிற்சியாளர் கூண்டைத் திறந்து தம்பிக்குச் சங்கிலி மாட்டினார். வண்டியை வெளியே எடுக்க வேண்டும், கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று மட்டும் இவரிடம் சொன்னார்.

நான் ஏவினேன் என்றது பொய், அக்கா. கையைப் பற்றிச் சொன்னது உண்மை. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் உண்மையைச் சொல்ல இடம் கிடைத்தது. தம்பி இனி எந்த வீட்டுக்குப் போகுமோ, சொல்லுக்குக் காத்திருக்கும் நாய் என்று நம்பித்தான் அவர்கள் வாங்குவார்கள். அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. பயிற்சியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உன் வீட்டு மணி அடிக்கும். ஏன்டி இப்படி வந்து நிக்கிறே என்று மட்டும் கேட்காதே. அத்தான் கேட்டால் நீயே ஏதாவது சொல்லிக்கொள். கதவைத் திற, அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: தம்பியைப் பின்னால் ஏற்றிய பிறகும் பயிற்சியாளர் வண்டியை எடுக்கவில்லை. முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறிக்கொண்டேன்.